லைஃப் கோச்சிங்: குற்றாலத்திலிருந்து சில குறிப்புகள்

தென்காசியில் "பையன் கோச்சிங் போறான்" என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். குரூப் 4, குரூப் 2, போலீஸ் வேலை, கொஞ்சம் வசதி இருந்தால் நீட். அதனால் குற்றாலத்தில் 'லைஃப் கோச்சிங்' ஒருநாள் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "அதுக்கு எப்பம் பரீட்ச?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். யோசித்துப் பார்த்தால் தப்பான கேள்வியும் இல்லை. ஹங்கேரியில் 'கோச்' என்றொரு ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே வண்டிப்பெயர் ஆகி, ஆங்கிலத்துக்கும் போனது. 19 ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரீட்சைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும் தனி ஆசிரியரைக் கேலியாக 'கோச்' என்று கூப்பிட்டார்கள். விளையாட்டுக்கு அந்தச் சொல் போனது அதற்குப் பிறகு. ஆக, நம்ம அண்ணாச்சி சொல்வதுதான் பழைய பொருள். வாழ்க்கைக்கு அது வந்து ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை.

எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை. டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974 இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கவனித்தது இது: "முழங்கையை மடக்காதே, மட்டையைத் தாழ்த்து" என்று சொல்லச் சொல்ல ஆட்டம் கெட்டுப்போகிறது. அதற்குப் பதிலாக, பந்து தரையில் படும்போது 'பவுன்ஸ்', மட்டையில் படும்போது 'ஹிட்' என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். ஆள் தன்னைத் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க ஆரம்பிக்கிறான். ஆட்டம் தானாகச் சரியாகிறது. இதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர், பழைய கார் பந்தய வீரர். அவர் 1992 இல் எழுதிய புத்தகத்தால் பரவிய சட்டகம்தான் இன்றைக்கும் எல்லா வகுப்பிலும் சொல்லித்தரப்படுகிறது. நாலே படி: என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எப்போது செய்யப்போகிறாய். அதே 1992 இல் தாமஸ் லியோனார்டு என்ற நிதி ஆலோசகர், பணத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் கடைசியில் வாழ்க்கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று கண்டு, அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். 1995 இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றும் வந்தது. சுருக்கப் பெயர் ஐ.சி.எஃப். சென்னைக்காரர்களுக்கு ஐ.சி.எஃப். என்றால் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதுவும் கோச் கட்டுகிற இடம்தான்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இந்தத் தொழில் பிறந்ததே 'சொல்லிக்கொடுக்காதே, கேள்' என்ற கண்டுபிடிப்பிலிருந்து. கோச் புத்தி சொல்கிறவர் இல்லை. நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவரும் இல்லை. அது உளவியலாளரின் வேலை. நடந்துபோன காயத்தைக் கிளறுகிறவரும் இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பதிலை நீங்களே எடுக்கும்வரை, சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். சொல்ல எளிது, செய்ய ரொம்பக் கஷ்டம். நம்ம ஊரில் பெரியவர்கள் ஒருத்தர்கூட இதில் தேறமாட்டார்கள்.

நல்லபடியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மைத்துனர் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார். கம்பெனியே ஒரு கோச்சை ஏற்பாடு செய்து ஆறு அமர்வு கொடுத்தது. அப்போது அவருக்கு ஊர்ப்பித்து. வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே வந்துவிடுவேன், மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறதே, இங்கேயே முடியாதா என்று தினம் புலம்பல். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லித் தீர்த்திருந்தோம். அந்த அம்மா யோசனை எதுவும் சொல்லவில்லை. ஒன்று கேட்டார்: "ஊருக்கு வந்துட்டீங்க. முதல் திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு என்ன செஞ்சிட்டிருக்கீங்க?" இவருக்குப் பதில் வரவில்லை. சாரல், ஐந்தருவி, ராத்திரி புரோட்டா எல்லாம் யோசித்து வைத்திருந்தார், திங்கட்கிழமையை யோசிக்கவில்லை. அடுத்த அமர்வில்தான் வெளியே வந்தது: அவருக்கு வேண்டியது தென்காசி இல்லை, வயதான அப்பாவின் பக்கத்தில் இருப்பது. மேலாளரிடம் பேசி மாதத்தில் ஒரு வாரம் ஊரிலிருந்து வேலை என்று ஆக்கிக்கொண்டார். இரண்டு வருஷப் புலம்பல் நின்றது.

இப்போது அந்தக் குற்றால வகுப்பு. விடுதியின் பெயரும் நடத்தியவர் பெயரும் வேண்டாம். கட்டணம் 3,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. எழுபது பேர் இருப்போம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மைக் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. கேள்விகள் கேட்டார்தான், "நான் சொல்றது சரியா, இல்லையா?" என்ற மாதிரிக் கேள்விகள். இடையிடையே எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று மூன்று தடவை கத்தினோம். நல்ல பேச்சாளர், மறுக்கவில்லை. பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் ஜெயிப்பார். ஆனால் அந்தத் தொழிலின் சொந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்று அங்கே நடந்தது கோச்சிங்கே இல்லை. யாரையும் அவர் கேட்கவில்லை. யாருடைய பதிலுக்காகவும் நிற்கவில்லை.

இதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். சாயங்காலம் ஒரு பையன் எழுந்தான். இருபத்தஞ்சு வயசு இருக்கும். "சார், குரூப் 4 மூணு தடவ எழுதிட்டேன். அம்மா பீடி சுத்துறாங்க. கண்ணு வேற சரியில்ல அவங்களுக்கு. இன்னும் ஒரு வருஷம் படிக்கவா சார், இல்ல எதாவது வேலைக்குப் போயிரவா?" மண்டபம் அமைதியாயிருச்சு. அவர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு தடவ தோத்தேன்னா, ஜெயிக்கணும்ங்கிற எண்ணம் உனக்குள்ள ஆழமா இல்லேன்னு அர்த்தம் தம்பி." கைதட்டல். பையனும் தட்டினான்.

கணக்கைப் பார்ப்போம். 2024 இல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஓர் இடம் என்பது மாறவில்லை. இருபது லட்சம் பேருக்கும் ஒரே ஆழத்தில் எண்ணம் இருந்தாலும் இடம் அதே அளவுதான் இருக்கும். மீதிப் பேர் தோற்பார்கள். இது எண்ணத்தின் கணக்கு இல்லை, வகுத்தல் கணக்கு. அதை ஒரு பையனின் நெஞ்சுக்குள் இருக்கும் குறையாக மாற்றிக் காட்ட ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

விட்மோரின் நாலு படியில் மூன்றாவதைப் பாருங்கள்: வழிகள். மற்ற மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன. என் மைத்துனருக்கு வழிகள் இருந்தன. மாதச் சம்பளம், சேமிப்பு, பேசினால் கேட்கிற மேலாளர். அவருக்கு இல்லாதது தெளிவு மட்டும்தான். அதைக் கோச் கொடுத்தார். அந்தப் பையனுக்குத் தெளிவு நன்றாகவே இருக்கிறது. தன் பிரச்சினையை நாலு வாக்கியத்தில் சொன்னான், அவ்வளவு தெளிவு. இல்லாதது வழி. வழி இல்லாதவனிடம் தெளிவை விற்றால், கடைசியில் அவன் கையில் மிஞ்சுவது பழி மட்டும்.

இந்த 'எண்ணம்' நம்ம பக்கத்துக்கு வந்த விதத்தைத் தேடிப்போனால் எதிர்பாராத ஓர் ஆள் நிற்கிறார். வ.உ.சிதம்பரம் பிள்ளை. மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணத்திலிருந்து விளைவது என்று சொன்ன ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆலன் 1903 இல் எழுதிய சிறு நூலைத் தமிழில் 'மனம் போல வாழ்வு' என்று கொண்டுவந்தவர் அவர்தான். அதோடு விடவில்லை. 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று ஆலனின் நூல்களை அடுத்தடுத்து மொழிபெயர்த்தார். எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எல்லாம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால். இன்றைக்கு மேடையில் மைக் பிடிக்கிற எவருக்கும் இவர்தான் கொள்ளுத்தாத்தா.

ஆனால் அவர் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1906 இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. எண்ணத்துக்கு அங்கே என்ன குறைச்சல்? போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை இறக்கியது, அரசாங்கம் அதன் பக்கம் நின்றது. 1908 இல் இரட்டை ஆயுள் தண்டனை. பின்னால் மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார், பிறகு கண்ணூர். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை, வரவேற்கக் கூட்டமும் இல்லை. அதன்பின் நெடுங்காலம் வறுமை. சூழ்நிலை எண்ணத்தின் விளைவு என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய எதிர்வழக்கு தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அந்த எதிர்வழக்கே அந்தக் கொள்கையை உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. முதல் நூல் அவர் கைதியாக இருந்த காலத்தது.

ஏன்? எனக்குத் தோன்றுவது இது. உடம்பு, நேரம், சாப்பாடு, தூக்கம் எல்லாமே ஜெயிலரின் கையில் போய்விட்ட மனிதனுக்கு, தன் கையில் மிச்சம் இருந்த ஒரே சொத்து மனசு. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. ஆலன் அதைக் கொடுத்தார். நூல் சொல்வது வேறு, மறுக்கவில்லை. அது சூழ்நிலைக்கும் நாமே காரணம் என்றுதான் சொல்கிறது. ஆனால் மொழிபெயர்த்தவரின் வாழ்க்கை அந்த நூலைத் திருத்திப் படிக்கச் சொல்கிறது. 'இந்த நிலைமையிலும் என்னால் எதை ஆள முடியும்?' என்று ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது ஒரு விஷயம். 'இந்த நிலைமை உன்னால்தான் வந்தது' என்று இன்னொருவன் அவனிடம் சொல்வது வேறொரு விஷயம். வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். முதலாவது சிறையில் ஒருவரை உயிரோடு வைத்திருக்கும். இரண்டாவது சிறை வைத்தவனை விடுவித்துவிடும். குற்றாலத்தில் அன்று சாயங்காலம் நாங்கள் கைதட்டியது இரண்டாவதற்கு.

குற்றாலம் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தும் வழக்கறிஞர் தொழிலில் ஒட்டாமல், கொஞ்ச காலம் அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்து, பிற்காலத்தை, 1954 இல் மறையும்வரை, குற்றாலத்தில் கழித்தவர். அதற்கு முன் நெல்லையில் வண்ணார்பேட்டை வீட்டில் அவரைச் சுற்றிக் கூடிய கூட்டத்துக்குத்தான் வட்டத்தொட்டி என்று பேர். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்தது குளிக்க மட்டும் இல்லை. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால், சொல்லி, நிறுத்தி, திரும்பச் சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தில் அது இறங்குகிற வரைக்கும் விடமாட்டார் என்பார்கள். கடிதங்களிலும் அதே ஆள்தான். யாருக்கு எழுதுகிறாரோ அவருக்கு மட்டுமே எழுதுவார்.

அவரை 'லைஃப் கோச்' என்று சொன்னால் ரசிகமணி பக்தர்கள் என்னை அருவியில் தள்ளிவிடுவார்கள். சொல்லவில்லை. இலக்கு, படி, காலக்கெடு எதுவும் அவரிடம் கிடையாது. ஆனால் கோச்சிங்கில் உண்மையிலேயே வேலை செய்கிற பொருள் எதுவோ, அது அங்கே இருந்தது: ஒருத்தர் இன்னொருத்தரைக் கவனிப்பது, அவசரமில்லாமல். நிஜ கோச் மணிக்குக் காசு வாங்கிக்கொண்டு தருவதும் இதைத்தான். அந்தக் காலத்தில் சிநேகிதமும் வீட்டுத் திண்ணையும் தந்ததை இப்போது சந்தை தருகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் அரைவாசிதான். வட்டத்தொட்டியில் உட்கார்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் வக்கீல்கள், அதிகாரிகள், நீதிபதிகள், பத்திரிகைக்காரர்கள். காசு கேட்கவில்லைதான், ஆனால் ஓய்வான சாயங்காலம் என்ற கட்டணம் இருந்தது. இலையும் தூளும் வாங்கி ராத்திரிவரை பீடி சுற்றினால்தான் மறுநாள் கடையில் கணக்கு நேராகும் என்கிற வீட்டிலிருந்து அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாது, அன்றும் இன்றும்.

ஆராய்ச்சிகளும் சுற்றிவளைத்து இதையேதான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். 2014 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தீபோம், பெர்ஸ்மா, வான் வியானென் மூவரும் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோச்சிங் பலன் தருகிறது என்றுதான் வந்தது: வேலைத்திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, இலக்கை நோக்கித் தன்னை நடத்திக்கொள்வது எல்லாவற்றிலும். ஆனால் அவர்கள் தொகுத்தது நிறுவனங்களுக்குள் நடந்த கோச்சிங்கை. அதாவது வேலை உள்ளவர்கள். சிட்னியில் ஸ்பென்ஸும் கிராண்டும் செய்த ஆய்வு 2007 இல் வந்தது. ஒரு குழுவுக்குத் தொழில்முறை கோச், இன்னொரு குழு ஒருவருக்கொருவர் கோச், மூன்றாவது காத்திருப்போர். இலக்கில் முன்னேறியது முதல் குழு. பயிற்சி பெற்றவருக்கும் நல்லெண்ணம் உள்ள நண்பருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். 'நாங்களே பேசித் தீத்துக்குவோம்' என்கிற நம்ம கட்சிக்கு இது கொஞ்சம் அடி.

அப்படியானால் யாருக்கு? கையில் இரண்டு மூன்று நிஜமான வழி இருந்தும் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு. பதவி உயர்ந்து திடீரென்று இருபது பேரை மேய்க்க வேண்டியவருக்கு. ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் என்ன செய்வது என்று விழிப்பவருக்கு. பிள்ளைகள் வளர்ந்தபிறகு திரும்ப வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு, வீட்டில் அதற்கு இடம் இருந்தால். செய்ய வேண்டியது தெரியும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்பவருக்கு ரொம்பவே. அந்தக் குரூப் 4 பையனுக்கும் ஒரு நல்ல கோச் கொஞ்சம் உதவியிருக்க முடியும், புத்தி சொல்லி இல்லை. "ஒரு வருஷம்னு சொல்றியே, அந்த வருஷத்தை யார் செலவுல ஓட்டப்போற? மூணாவது தடவ எத்தன மார்க்குல போச்சு? வேலைக்குப் போயிட்டே எழுதுறதுல எது தடுக்குது?" இப்படிக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றிருந்தால் போதும். இடங்களை அது கூட்டாது. பையன் குனிந்த தலையோடு பஸ் ஏறாமலாவது இருந்திருப்பான்.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்பவருக்குக் கோச் வேண்டாம். மருத்துவர் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். இங்கேதான் எனக்கு உண்மையான பயம். இந்தியாவில் ஒருவர் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்க மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எதுவும் வேண்டாம், ஆணி இருந்தால் போதும். ஐ.சி.எஃப். சான்றிதழில் முதல் படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறார்கள், அடுத்ததற்கு 125 உம் 500 உம். ஆனால் அது ஒரு தனியார் அமைப்பின் ஒழுங்கு, சட்டம் இல்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் அவரிடம் சில கேள்விகளை நீங்கள் கேளுங்கள். எங்கே, எத்தனை மணி நேரம் பயின்றீர்கள்? எத்தனை அமர்வு, எப்போது முடியும்? நான் சொல்வது நமக்குள் இருக்குமா, எழுதித் தருவீர்களா? கடைசியாக ஒன்று, மற்றதையெல்லாம்விட முக்கியமாக: வந்தவர்களில் எத்தனை பேரை "இது என் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்? ஆஸ்திரேலிய ஆய்வுகளில், லைஃப் கோச்சிங் தேடி வந்தவர்களில் கால்வாசியிலிருந்து பாதிப்பேர் வரை கவலைக்குரிய மன அழுத்தத்தோடு இருந்தது தெரியவந்தது. பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர் "ஒருத்தரைக்கூட அனுப்பினதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், அப்படிப்பட்டவர்கள் அவரிடம் வரவில்லை என்று நான் நம்பமாட்டேன். வந்திருப்பார்கள், அவர் கவனிக்கவில்லை.